புற்றுநோயும் பிராணிச் சோதனையும்

ஒரு பிராணிக்குப் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனப் பொருள் மற்றொன்றை ஒன்றும் செய்யாதிருப்பதுண்டு. 1915-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைப் பன்முறை தடவிப் புற்றுநோயை உண்டாக்கினர். சுண்டெலியின் தோலும் தாருக்கு எளிதில் இடங்கொடுத்தது. கினிப்பன்றியின் தோலோ பெரிதும் எதிர்த்து நின்றது.

இதற்குக் காரணம் யாது? இத்தகைய பொருள்கள் பல, உடலினுள் மாற்றமடைந்த பின்னரே தீங்கு பயக்கின்றன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலுள்ள அஃப்ளடாக்சின் எலியின் ஈரலில் புற்றுநோய் விளைக்கும். வளர்ந்த சுண்டெலியின் ஈரலிலோ, அந்நஞ்சை விரைவில் முறிக்கும் நொதி மிகுதி. ஆகவே அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மனிதனுக்கு அப்பாதுகாப்பு குறைவு.

பூவார், பாறசாலை முதலிய கிராமங்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், நெய்யூர் மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் ஓர், அந்நாட்டில் வெற்றிலைபாக்கு மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் எழுதினார். பிராணிகளிடம் நடத்திய பல சோதனைகள் இதில் தெளிவான விடை தரவில்லை. எனினும், மனிதரிடம் கண்ட சான்றுகளைக் கொண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985-இலும், பாக்கை 2004-இலும் புற்றுநோய்க் காரணிகளென அறிவித்தது.

எனவே, “எலிக்கு ஒன்றும் நேரவில்லையே” என்பது மனிதனுக்கு அபயம் ஆகாது. வாயில் ஆறாத புண்ணோ, வெண்படலமோ, செம்படலமோ காணப்படின், வலி இல்லாவிடினும் அவரை மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளர் கடமையாகும்.