பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை: இலங்கையில் அன்றும் இன்றும்

1930களின் இலங்கையில் ஒரு பிள்ளை எந்தப் பாடசாலைக்குள் காலடி வைக்கிறது என்பதிலேயே அதன் தலைவிதி பாதி முடிவாகிவிடும். ஊர்ச் சுயபாஷைப் பாடசாலையில் படிக்கப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தப் படிப்பு எட்டக்கூடிய உயரம் பெரும்பாலும் ஓர் ஊர் வாத்தியார் வேலைதான். கிளாக்கர் உத்தியோகமும் வக்கீல், டாக்டர் பட்டங்களும் ஆங்கிலப் பாடசாலை வழியாகவே வந்தன. அங்கே மாதாமாதம் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். மகனின் படிப்புக்காகக் காணியை ஈடு வைத்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. மகளுக்காக அதே செலவைச் செய்யத் துணிந்த வீடுகள் குறைவு.

இந்த இரட்டைப் பாதையை ஒன்றாக்க முனைந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரே காலி ரிச்மண்ட் கல்லூரியில் புலமைப்பரிசிலில் படித்தவர். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபின் அமைந்த அரசாங்க சபையில் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையிலான குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 அக்டோபர் 1 முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றானது. ஆனாலும் 1947 தேர்தலில் கன்னங்கரா தோற்றுப்போனார். மிஷன் பாடசாலைகளுள் ஒருசில பல ஆண்டுகள் இந்தத் திட்டத்திலிருந்து விலகியே நின்றன. 1960, 61இல் அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்ற பின்னரே அந்தப் பழைய பிரிவினை பெருமளவு மறைந்தது.

நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. மட்டக்களப்பை அடுத்த வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகம்தான் பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி, 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் தொடக்க இடமானது. தாத்தா எட்டிப் பார்க்க முடியாத உயர்படிப்பைப் பேத்தி அந்த வளாகங்களில் கட்டணமின்றிப் படிக்கிறாள். இன்று நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

மத்திய கல்லூரி விடுதிகளுக்கு ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. இன்று ஆண்டுதோறும் சுமார் 3 இலட்சம் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். பெயர் பெற்ற பாடசாலையில் இடம் பிடிக்கும் பந்தயம் அது. பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் டியூஷனுக்கு ஓடுகிறது. சனி ஞாயிறும் அங்கேதான். ஏழைக்காகத் திறந்த அந்த வாசலில் இப்போது டியூஷனுக்குக் காசு கட்டக்கூடிய பிள்ளையே முன்வரிசையில் நிற்கிறது.

அரசு கொடுத்ததும் சிறிதல்ல. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின; பின்னர் சீருடைத் துணியும் வந்தது. நெருக்கடியில் கை வைக்கப்பட்டதும் உண்டு. 1953இல் அரிசி விலையை உயர்த்திய அரசு மாணவரின் மதிய உணவையும் நிறுத்தியபோது, அதன் விலையாக ஹர்த்தாலைச் சந்தித்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. அடுத்த ஆண்டுகளில் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்து சேர்ந்தது. சப்பாத்து, கொப்பி, புத்தகப்பை, பாடசாலை கேட்கும் வசதிக் கட்டணம் எல்லாம் இன்றும் பெரும்பாலும் பெற்றோரின் தலையில்தான்.

மலையகத்துக்கு 1945 மிகத் தாமதமாகவே வந்தது. தோட்டப் பாடசாலை துரையின் பொறுப்பில் இருந்தது; ஒரே கூடம், பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதற்குமேல் கொழுந்து பறிக்கும் கூடைதான். 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகே அந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இன்று அங்கிருந்து ஆசிரியர்களும் பட்டதாரிகளும் வருகிறார்கள். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லாத குறை இன்னும் தீரவில்லை.

மேல் நுனியில் பார்த்தால், 1942இல் ஒரே பல்கலைக்கழகம். இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17. ஆனாலும் உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம். பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டிய 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் மனத்தில் விட்டுச்சென்ற கசப்பு நாட்டின் போக்கையே மாற்றியது. கட்டணம் இல்லாத இடங்கள் குறைவாக இருந்தால், அவற்றை யாருக்குப் பங்கிடுவது என்பது அரசியலாகவே ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இடம் கிடைக்காதவர் தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுகிறார், அல்லது வெளிநாடு போகிறார்.

கீழ் நுனி இன்னும் மெலிந்தது. கட்டாயக் கல்வி 5 வயதில் தொடங்கி 16 வரை நீள்கிறது. அதற்கு முந்திய முன்பள்ளி பெரும்பாலும் தனியாரிடமும் கோயில், தேவாலயம், ஊர்ச் சங்கங்களிடமும் விடப்பட்டிருக்கிறது. பல இடங்களில் பெற்றோரே மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். அங்கே கற்பிக்கும் இளம்பெண்கள் பலரும் சொற்பக் கொடுப்பனவில் காலம் தள்ளுகிறார்கள். முதலாம் தரத்தில் உட்காரும்போதே பிள்ளைகளிடையே இடைவெளி விழுந்துவிடுகிறது. அதைப் பின்னால் அடைப்பதற்குத்தான் டியூஷன்.

1945 பாடசாலை வாசலில் இருந்த கட்டணத்தை அகற்றியது. அது நாட்டின் எழுத்தறிவை 90 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோன பெரிய காரியம். அந்தக் கட்டணம் பின்னர் முன்பள்ளிக்கும் டியூஷனுக்கும் தனியார் பட்டத்துக்கும் இடம் மாறியதை அடுத்தடுத்த அரசுகள் பார்த்துக்கொண்டே இருந்தன. மீதி வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பதில் முன்பள்ளிதான். அதை அரசுக் கல்வியின் முதல் வகுப்பாக ஏற்று, அதன் ஆசிரியைக்கு மற்ற ஆசிரியர்களைப் போல் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவரை கன்னங்கராவின் திட்டம் பாதி நிறைவேறியது என்றே எழுத வேண்டும்.