வீணாகும் ஒளியை மீட்கும் வஸ்துக்கள்

கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் இன்று இடம்பெற்றிருக்கும் ஓ.எல்.இ.டி. திரை, பின்னால் விளக்கு எதுவுமின்றித் தன் கரிமப் படலங்களாலேயே ஒளிரும் இயல்புடையது. ஆயினும், பிரகாசத்தைக் கூட்டுவதற்காக அதில் மின்சாரத்தை விருப்பம்போல் கூட்டுவதற்கில்லை. ஏனெனில், மின்சாரம் மிகும்போது உஷ்ணமும் மிகுந்து, மூலக்கூறுகள் சிதைந்து, திரையின் ஆயுள் குறுகிவிடுகிறது. ஆகவே, அதே மின்சாரத்தில் அதிக ஒளி தரும் வஸ்துக்களைத் தேடுவதே விஞ்ஞானிகளின் மார்க்கமாயிற்று.

1987ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களான சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும், எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களாகிய நேர்மின் துளைகளைக் கடத்த ஒரு படலமும், எலெக்ட்ரான்களைக் கடத்தி ஒளியும் விட அலுமினியம் சேர்ந்த கரிமச் சேர்மத்தாலான மற்றொரு படலமுமாக அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலாவுக்கு மேற்பட்ட பிரகாசத்தைப் பெற்றனர். எனினும், செலுத்திய எலெக்ட்ரான்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே ஒளியாக வெளிவந்தது.

இவ்விரயத்திற்குக் காரணம் இயற்கையின் ஒரு நியதி. எலெக்ட்ரானும் துளையும் கூடும்போது உண்டாகும் கிளர்ச்சி நிலைகள் நான்கில் ஒன்றே உடனே ஒளிவிடும் ஒற்றை நிலை. எஞ்சிய மூன்றும் மும்மை நிலைகளாகிப் பெரும்பாலும் வெப்பமாய்க் கழிந்துவிடுகின்றன. 1998இல் பிரின்ஸ்டனில் ஸ்டீபன் ஃபாரஸ்ட்டும், தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்க் தாம்ப்சனும் தத்தம் குழுவினருடன் சேர்ந்து, பிளாட்டினம் என்னும் கன உலோகத்தைக் கரிம மூலக்கூறில் பொருத்தி, அம்மூன்று பங்கையும் ஒளியாக்கும் வழி கண்டனர். பின்னர் இரிடியம் சேர்ந்த வஸ்துக்கள் அவ்வழியில் இன்னும் சிறந்து விளங்கின. 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழுவினர், விலையுயர்ந்த அவ்வுலோகங்கள் இல்லாமலே, இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள சக்தி வித்தியாசத்தை மிகக் குறைத்து, அறையின் வெப்பமே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு உயர்த்துமாறு மூலக்கூறை அமைத்தனர்.

உள்ளே பிறந்த ஒளியெல்லாம் வெளியேறுவதுமில்லை. படலங்களின் ஒளிவிலகல் எண் காற்றினதைவிட மிகுந்திருப்பதால், சாதாரண அமைப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே கண்ணை எட்டுகிறது. மிச்சம் உட்பிரதிபலிப்பால் அங்கேயே சிறைப்படுகிறது. நுண்வில்லைகளைக் கண்ணாடிமேல் பதித்தலும், ஒளியைச் சிதறடிக்கும் படலம் இடுதலும், ஒளிரும் மூலக்கூறுகளைக் கிடையாகப் படியவைத்தலும் அச்சிறையைத் திறக்கும் உபாயங்கள்.

நீல நிறம் ஒன்றே இன்னும் பிடிகொடாமல் இருக்கிறது. அதன் ஒளிக்கு வேண்டிய மிகுந்த சக்தி மூலக்கூறின் பிணைப்புகளையே அறுத்துவிடுவதால், சிவப்புக்கும் பச்சைக்கும் கன உலோக வஸ்துக்களைக் கையாளும் திரைகளிலும், நீலத்திற்குப் பெரும்பாலும் ஒற்றை நிலை மட்டும் ஒளிவிடும் பழைய முறையே நீடித்து வருகிறது. ஒளிரும் அடுக்குகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுமையைப் பகிரச் செய்யும் இரட்டையடுக்கு முறை, 2024இல் வந்த ஐபேட் ப்ரோவில் முழுத் திரைக்கும் 1,000 நிட் (அதாவது, சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலா) பிரகாசத்தைத் தந்தது.

புதுத் திரை வாங்குவோர், விளம்பரத்தில் காணும் உச்சப் பிரகாச எண் திரை முழுவதற்குமா அல்லது அதன் ஒரு சிறு பகுதிக்கா என்று கேட்டறிந்து வாங்குவது நலம்.