எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றும் முறை

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். பிஸ்டன் பெட்ரோல்–காற்றுக் கலவையை அழுத்திக்கொண்டு மேலே வரும் தருணத்தில், பிளக்கின் இரண்டு மின்முனைகளுக்கு இடையே பொறி பாய்கிறது. பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதை 20,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை கலவை எரிய வேண்டும்.

ஒவ்வொரு பொறியும் மின்முனையின் உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கிறது. அரிக்க அரிக்க இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். காயிலுக்கும் பிளக் ஒயருக்கும் சுமை கூடும். கடைசியில் சில சுற்றுகளில் பொறியே பாயாது. காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகாதது, ஐடிலில் எஞ்சின் நடுங்குவது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திக்குவது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது ஆகியவை இதன் அறிகுறிகள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கிக் கெடுத்துவிடும். உரிய காலத்தில் பிளக் மாற்றினால் இத்தனை செலவும் தவிரும்.

வீட்டில் பழகுவதற்கு ஏற்ற கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கையில் தொட முடியாத சிக்கலான எஞ்சின் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 அதற்கு நேர் எதிர். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைத் திறந்த கார், அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார்களில் முதலில் 1.6 லிட்டர், பிறகு 1.8 லிட்டர் எஞ்சின் இருந்தது.

இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் நிற்கின்றன. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மூடியின் நடுவே நான்கு பிளக் ஒயர்கள் இறங்குவது தெரியும். ஒவ்வொரு ஒயரின் அடியிலும் ஆழமான ஒரு குழி. அதன் தரையில் பிளக். வேறு எந்தப் பாகத்தையும் கழற்றத் தேவையில்லை. எஞ்சினின் பின்பக்கம் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்று 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும், மற்றது 2, 3 ஆகியவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கிறது. காரின் முன்முகத்துக்கு அருகில் இருப்பதே 1-ஆம் சிலிண்டர்.

பிளக்கைத் தேர்ந்தெடுப்பது

பிளக் வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்த எஞ்சினுக்குப் பரவலாகப் பயன்படும் என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 நல்ல உதாரணம். இதில் ‘ஆர்’ என்பது உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்பதைக் குறிக்கும். ரேடியோவிலும் எலெக்ட்ரானிக் கருவிகளிலும் இரைச்சல் ஏறாமல் அது தடுக்கிறது. ‘இ’ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள 11, மின்முனை இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. நடுவில் உள்ள 6 வெப்ப எண்.

இந்த வெப்ப எண்ணில்தான் கவனம் அதிகம் தேவை. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 800 டிகிரியைத் தாண்டி மிகவும் சூடேறினால், பொறி பாய்வதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தும். சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக் ‘கோல்ட்’ வகை. மெதுவாக வெளியேற்றுவது ‘ஹாட்’ வகை. என்ஜிகே எண்களில் எண் கூடினால் பிளக் கோல்ட். பாஷ் நிறுவனத்தின் எண்களில் எண் கூடினால் ஹாட். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காகக் கோல்ட் பிளக் போட்டால் வேகம் கூடாது. சாதாரண ஓட்டத்தில் கரி பிடிப்பதுதான் மிஞ்சும். காரின் கையேடு சொல்லும் எண்ணே சரியானது.

நிக்கல் முனை உள்ள சாதாரணப் பிளக்குகளை ஏறக்குறைய 48,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றலாம். பிளாட்டினம், இரிடியம் முனைகள் மெதுவாகத் தேய்வதால் அதைவிட நெடுநாள் உழைக்கும். எதுவாக இருந்தாலும் நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

கருவிகள்

உட்புறம் ரப்பர் வளையம் உள்ள 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி, ராட்செட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். காற்றடிக்கும் பம்போ கம்ப்ரஸரோ கைவசம் இருப்பது நல்லது. சாக்கெட்டின் ரப்பர், குழிக்குள்ளிருந்து பிளக்கைக் கவ்வி மேலே கொண்டுவருகிறது. பீங்கான் உடையாமலும் காக்கிறது.

பழைய பிளக்கைக் கழற்றுவது

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் உடலோ எஃகு. சூடாக இருக்கும்போது கழற்றினால் மென்மையான அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். மரை கெட்டால் லேத் பட்டறை வரை போக நேரும். மாலையில் ஓட்டிய காரில் மறுநாள் காலை கை வைப்பதே பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒயர்கள் இடம் மாறாது. ஒயரை இழுக்கக் கூடாது. நுனியில் உள்ள ரப்பர் உறையைப் பிடித்து லேசாகத் திருகி, பிடி விட்டதும் நேராக மேலே தூக்க வேண்டும். ஒயரை இழுத்தால் உள்ளே உள்ள கரி இழை அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் மட்டும் மிஸ் அடிக்கும்.

அடுத்து, குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால், பிளக் வெளியே வந்த கணத்தில் மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் எஞ்சின் மூடியின் கேஸ்கெட் கசிகிறது என்று பொருள். அந்த எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். கேஸ்கெட்டையும் மாற்றிவிடுவது நல்லது.

சாக்கெட்டை நேராக இறக்கி, இடப்பக்கமாகச் சீராக அழுத்தித் திருப்பினால் பிளக் இளகும். நடுவழியில் இறுகினால் பலம் காட்டக் கூடாது. சிறிது எண்ணெய் விட்டு, கொஞ்சம் உள்ளே முடுக்கி, மறுபடி வெளியே திருப்பி, இப்படியே பொறுமையாக எடுக்க வேண்டும்.

பழைய பிளக் சொல்லும் செய்தி

கழற்றிய பிளக்குகளை 1, 2, 3, 4 என்று வரிசையாக வைத்துப் பார்ப்பது அவசியம். எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்நிலையைக் காட்டும் சான்று இவைதான். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரும்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அதிகச் சூடு. பெட்ரோல் குறைவாக வருவதோ தவறான வெப்ப எண்ணோ காரணமாகலாம். மூன்று ஒரு நிறமாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால், கோளாறு அந்த ஒரு சிலிண்டரில்தான்.

இந்தக் காரில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு காயிலோடு இணைந்த இரண்டு பிளக்குகளில் மின்சாரம் எதிரெதிர்த் திசையில் பாய்கிறது. அதனால் ஜோடியில் ஒன்றில் நடு மின்முனையும் மற்றதில் பக்க மின்முனையும் கூடுதலாகத் தேய்ந்திருக்கலாம். அதைக் கோளாறு என்று எண்ணத் தேவையில்லை.

புதிய பிளக்கைப் பொருத்துவது

பெட்டியில் வரும்போதே இடைவெளி சரியாக இருக்கும் என்று நம்பிவிடாமல், ஃபீலர் கேஜால் அளந்து பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். திருத்த வேண்டுமானால் பக்க மின்முனையை மட்டுமே மெல்ல வளைக்க வேண்டும். இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசிபோல் மெலிந்தது. கேஜை வைத்து நெம்பினால் முறிந்துவிடும்.

புதிய பிளக்கை ராட்செட் இல்லாமல், சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் கையில் பிடித்து, விரலாலேயே முடுக்க வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் பல சுற்றுகள் தடையின்றி இறங்கும். ஆரம்பத்திலேயே இறுகினால் மரை ஏறுமாறாகப் பிடித்திருக்கிறது. உடனே வெளியே எடுத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டுத்தான் பல சிலிண்டர் ஹெட்கள் பாழாகின்றன.

விரலுக்கு இறுகிய பிறகு டார்க் ரெஞ்சால் 15 முதல் 23 நியூட்டன் மீட்டருக்குள் முடுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று திருப்புவது வழக்கம். அந்தத் திருப்பலில் வாஷர் நசுங்கிச் சிலிண்டரை அடைக்கிறது. இறுக்கம் குறைந்தால் காற்று கசியும், பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது. கூடினால் மரை போகும். மரையில் கிரீஸ் பூசவும் தேவையில்லை. இன்றைய பிளக்குகள் முலாம் பூசியே வருகின்றன. கிரீஸ் வழுக்குவதால் அதே அளவு விசையில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

ரப்பர் உறையின் உட்புறம் டைஎலெக்ட்ரிக் கிரீஸைச் சிறிது தடவி, ‘டக்’ என்று பிடிக்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். உறை வெடித்திருந்தாலோ, ஒயர் பல ஆண்டு பழையதாக இருந்தாலோ ஒயர்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது. நான்கும் முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுக் கேட்க வேண்டும். சத்தம் சீராக இருந்தால் வேலை முடிந்தது. நடுக்கம் இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஏதேனும் ஒயர் முழுதாக உட்காரவில்லையா, 1-ஆம் ஒயரும் 2-ஆம் ஒயரும் இடம் மாறிவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில்

எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் இவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால், பிளக்குகள் எஞ்சினின் பக்கவாட்டில், காரின் சட்டத்தை ஒட்டி இருக்கின்றன. கை நுழையவே இடம் குறைவு. எக்ஸ்டென்ஷன்களைத் துண்டுதுண்டாகச் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். போர்ஷே 911 வரிசையில் 964 என்ற மாடலுக்குச் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 12 பிளக்குகள். சரிபாதி எஞ்சினின் அடிப்பக்கம் இருப்பதால் காரைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்த வேண்டும். பிளக்கின் தலையிலேயே காயில் உட்காரும் புதிய கார்களில், முதலில் காயிலின் மின்இணைப்பையும் போல்ட்டையும் கழற்ற வேண்டும்; அங்கே உள்ள பிளாஸ்டிக் கொக்கி சூட்டில் மொரமொரத்துப் போயிருக்கும் என்பதால் மெதுவாகவே விடுவிக்க வேண்டும்.

இடமும் எண்ணிக்கையும் மாறினாலும் எஞ்சினை ஆறவிடுவது, குழியைச் சுத்தம் செய்வது, விரலால் தொடங்குவது, அளவோடு முடுக்குவது ஆகிய நான்கும் எந்தக் காருக்கும் பொருந்தும். இடைவெளி, வெப்ப எண், முடுக்க அளவு ஆகிய மூன்றும் காருக்குக் கார் மாறும். அவற்றை அந்தந்தக் காரின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.