துளையிடும் அலகு

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில், சங்கராபரணி ஆற்றின் அருகே திருவக்கரை என்னும் ஊர் உள்ளது. அங்கே பெரிய அடிமரங்கள் பல நிலத்திற் கிடக்கின்றன. கணுவும் நாரோட்டமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கையால் தொட்டால் அவை கல். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மணலிற் புதையுண்ட அம்மரங்களுள், நீரோடு கலந்து வந்த சிலிக்கா சிறிது சிறிதாகப் புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டது. தச்சன் ஒருவன் மரத்தைத் துளைக்கும் கருவியை இதன்மேல் வைத்துச் சுழற்றுவானாயின், தேய்வது மரமாகத் தோன்றும் அக்கல்லன்று. அவனுடைய கருவியே தேயும். (அவ்விடம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ளது; ஆதலின் எவரும் அம்முயற்சியில் இறங்கலாகாது.) துளையிடப் புகுவோன் முதற்கண் பொருளின் இயல்பை ஆராய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

துளையிடும் கருவிக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர் துரப்பணம் என்பது. துரத்தல் என்னும் சொல்லுக்குத் துளைத்தல் என்னும் பொருளும் உண்டு. பெருங்கிணற்றைத் துரவு என்று வழங்குவதும் அப்பொருள் பற்றியே. முன்னாளில் தச்சர், வில்லின் நாணைத் துரப்பணத் தண்டிற் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்து அதனைச் சுழற்றினர். இக்காலத்தில் விழுப்புரத்துப் பட்டறைகளிலும் திண்டிவனத்துப் பட்டறைகளிலும் சுழல்வது மின்சாரத் துரப்பணம். சுழற்றும் ஆற்றல் கையினின்று மின்சாரத்திற்கு மாறியது. ஆயினும் துளையைச் செய்வது அன்றுபோல் இன்றும் முனையிற் பொருத்தப்படும் அலகே. தொழிலாளர் அதனைப் பிட் என்பர்.

இன்று எங்கும் காணப்படும் முறுக்கலகிற்கு, அமெரிக்க நாட்டினரான ஸ்டீபன் மோர்ஸ் 1863ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் உடலில் இரண்டு பள்ளங்கள் சுருண்டு மேலேறுகின்றன. நுனியில் இரண்டு வெட்டும் வாய்கள் உள்ளன. வாய்கள் பொருளைச் சீவுகின்றன; சீவப்பட்டது பள்ளத்தின் வழியே வெளியேறுகின்றது. இவ்விரண்டு வேலைகளுள் ஒன்று தடைப்பட்டாலும் துளை கெடும். ஆழமாகத் துளைக்கும்போது அலகை இடையிடையே வெளியே எடுத்துத் தூளை அகற்றுவது இதனாலேயே.

மரம் நார்ப்பொருள். அதனைத் துளைக்கும் அலகின் நடுவில் ஒரு கூர்முள் இருக்கும். அம்முள் அலகை இடம் பெயராமல் நிறுத்தும். ஓரத்திலுள்ள கூர்மை நாரை முதலில் அறுக்கும். பின்னரே வாய்கள் நடுப்பகுதியைச் சீவும். அலகு மறுபுறம் வெளிப்படும் இடத்தில் மரம் சிலும்பும். அடியில் வேண்டாத பலகை ஒன்றை இறுகப் பொருத்திவிட்டால் அக்குறை நேராது.

உலோகத்திற்கு வேறு முறை வேண்டும். இரும்புத் தகட்டின் வழவழப்பான மேற்பரப்பில் அலகு வழுக்கி ஓடும். ஆதலின் சென்டர் பஞ்ச் எனப்படும் கூர்முனைக் கருவியால் முன்னரே ஒரு சிறு குழி இடவேண்டும். தகட்டைக் கையாற் பற்றிக்கொண்டு துளைப்பது பெருந்தவறு. அலகு வெளிப்படும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும்; சுழலும் தகடு கத்திக்கு ஒப்பானது. வைஸ் என்னும் இடுக்கியில் அதனை இறுக்கியே துளைத்தல் வேண்டும். கையுறை அணிந்தும் துளைக்கலாகாது. சுழலும் அலகு கையுறையைப் பற்றினால் விரலையும் உடன் இழுத்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பலர் கொண்டுள்ள கருத்து தவறானது. கடினமான பொருளுக்கு மிகுந்த வேகம் வேண்டும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மென்மையான இரும்பில் 10 மில்லிமீட்டர் அலகு நிமிடத்திற்கு 800 சுற்று அளவிற் சுழன்றாற் போதும். துருப்பிடிக்காத எஃகிற்கு அதனிற் பாதியும் மிகுதியே. அவ்வெஃகின்மேல் அலகை அழுத்தாது வெறுமனே சுழலவிட்டால், உராய்ந்த இடம் மேலும் கடினமாகிவிடும். பின்பு நல்ல அலகும் அங்கே செல்லாது. எஃகிற்கு எண்ணெய் இடவேண்டும். வார்ப்பிரும்பிற்கு எண்ணெய் வேண்டுவதில்லை. அதனுள் இயற்கையாகவே கலந்துள்ள கிராபைட்டு வழுவழுப்பைத் தருகின்றது. பித்தளையோ கூரிய அலகைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அனுபவம் உடையோர் அதற்கென ஓர் அலகின் வாயைச் சற்று மழுக்கித் தனியே வைத்திருப்பர்.

செங்கல்லும் கற்காரையும் சீவப்படும் பொருள்கள் அல்ல, அவை நொறுக்கப்படுவன. அவற்றிற்கான அலகின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருள் பதிக்கப்பட்டிருக்கும். துரப்பணம் சுழல்வதோடு சுத்தியல் போல அடிக்கவும் வேண்டும். கண்ணாடிக்கும் பளபளப்பான ஓட்டிற்கும் அந்த அடி ஆகாது. ஈட்டி வடிவ அலகையோ வைரத்தூள் பதித்த அலகையோ கொண்டு, நீர் விட்டு, மெல்லச் சுழற்றவேண்டும். சுவரைத் துளைக்குமுன் உள்ளே மின்கம்பியோ நீர்க்குழாயோ செல்கின்றதா என்று கேட்டறிதல் உயிரைக் காப்பதாகும்.

மழுங்கிய அலகே பட்டறையில் மிகுந்த தீங்கு விளைப்பது. அது வெட்டாது, உராயும். உராய்வினால் சூடு ஏறும். சூடேறிய சாதாரண எஃகு நீலநிறம் கொள்ளுமாயின் அதன் கடினம் போயிற்று என்று அறியலாம். உயர்வேக எஃகினால் ஆன அலகு ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. வெட்டாத அலகை ஆள் மேலும் அழுத்துவான். அழுத்தம் மிகுந்தால் அலகு ஒடியும். ஒடிந்த துண்டு பாயும் திசை எவருக்கும் தெரியாது. கண்ணாடிக் கவசம் கண்ணுக்கு வேண்டுவது இதன்பொருட்டே.

சாணை பிடிப்பது பழகினாலன்றி வாராத கலை. பொதுவான அலகின் நுனிக்கோணம் 118 பாகை. கடினமான எஃகிற்கு 135 பாகை. இரண்டு வாய்களும் ஒரே நீளமும் ஒரே கோணமும் உடையனவாய் இருக்கவேண்டும். ஒருவாய் நீண்டால் துளை அலகினும் பெரிதாகும். வாய்க்குப் பின்புறம் சற்றே சரிந்து இறங்கவேண்டும். இல்லையேல் வாய் பொருளைத் தொடாது, முதுகே தேய்க்கும். செம்மையாகச் சாணை பிடித்த அலகிலிருந்து இரு பள்ளங்களிலும் ஒத்த அளவில் சுருள் வெளிவரும். ஒரு பள்ளத்தில் மட்டும் சுருள் வருமாயின் மீண்டும் சாணைக்கல்லிடம் செல்லவேண்டியதுதான். உயர்வேக எஃகைச் சாணையிற் சுடவைத்துத் திடீரென நீரில் தோய்த்தல் கூடாது; நுண்ணிய வெடிப்புத் தோன்றும். கார்பைடு நுனியோ சாதாரணச் சாணைக்கல்லுக்கு மசியாது. அதற்குப் பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடுக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும்.

கூர்மையைப் பேணும் இத்தொழில் இம்மண்ணிற்குப் புதியதன்று. விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றி அமைந்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. உலோகம் இன்றி என்றது கட்டடப் பொருளைக் குறித்ததே. பாறையைக் குடைந்த உளி இரும்பாலன்றி வேறு எதனால் ஆகும்? கல்லில் வேலை செய்யும் உளி விரைவில் மழுங்கும். ஆதலின் கல்தச்சர் வேலை செய்யும் இடத்தில் கொல்லனின் உலையும் வேண்டும். அவன் உளியைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துக் கடினமாக்குவான். இதனைத் துவைச்சல் என்பர்.

இன்று திண்டிவனம் வட்டாரத்திலுள்ள கருங்கற் சுரங்கங்களில் உலையின் இடத்தைக் கார்பைடு நுனியும், கையின் இடத்தைக் காற்றழுத்தத்தால் இயங்கும் ஜாக்ஹாமரும் பெற்றுள்ளன. குன்னம் என்னும் ஊரில் எடுக்கப்படும் கரிய கல், கல் வாணிகத்தில் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. பாறையில் வரிசையாகத் துளைகள் இட்டு, ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளப்பர்.

இங்கே அலகு கூராக இருந்தாலும் ஒரு கேடு உண்டு. பாறையை நொறுக்குந்தோறும் எழும் தூளில் குவார்ட்சு கலந்திருக்குமாயின், அதன் மிக நுண்ணிய துகள் மூச்சோடு சென்று நுரையீரலிற் படிந்து, நாளடைவில் அதனை இறுகச் செய்யும். அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்பது பெயர். பழுதுற்ற நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. அமெரிக்க நாட்டுச் சுரங்கங்களில் லெய்னர் என்பார் 1890களின் இறுதியில் உள்ளீடற்ற துரப்பணக் கம்பியை அமைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்தினார். துளை விரைவில் ஆயிற்று. ஆனால் எழுந்த தூளைப் பொறாமல் தொழிலாளர் அக்கருவியைத் தொட மறுத்தனர். அவர் மீண்டும் முயன்று, அக்கம்பியின் வழியே நீரையும் செலுத்தினார். அம்முறையே இன்றும் நல்ல முறை. நீர் சென்று சேரும் துளையில் தூள் மேலெழுவதில்லை. சேறாகி, துளைப்போனுடைய காலடியில் வழிந்து கிடக்கின்றது.