கொரியத் தொடரும் நம் குடும்பமும்

காடாம்புலியூரிலும் நம் இளையோர் கைப்பேசியில் கொரியத் தொடர்களைக் கண்டு களிக்கின்றனர். "கொரியாவுக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று பெரியோர் வினவுகின்றனர். உறவு உண்டு. நம் புதுவை மண்ணில் உழைத்த பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஆயர் இம்பேரும் இரு குருக்களும் 1839-இல் கொரியாவில் வேதசாட்சிகளாக மரித்தனர். 1984-இல் புனிதர்களாக உயர்த்தப்பெற்றனர்.

தொடர்களுள் நாம் பெரிதும் விரும்புவது 2015-இல் வெளிவந்த 'ரிப்ளை 1988'. சியோல் நகரத் தெரு ஒன்றில் ஐந்து குடும்பங்கள். ஒரு வீட்டில் சமைத்தது மறுவீட்டுக்குப் போகிறது. பதிலுக்கு வேறொன்று வருகிறது. கிண்ணங்களைச் சுமந்து பிள்ளைகள் அலைகின்றனர். பலாவை அறுத்துச் சுளைகளை அண்டை வீடுகளுக்கு அனுப்பும் நமக்கு இது புதிதன்று. கொலையை விளையாட்டாக்கிய 'ஸ்க்விட் கேம்' (2021) போன்றவை சிறுவர்க்கு ஏற்றவையல்ல என்பதும் நம் கருத்து.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. பகிர்ந்துண்ணும் அக்காட்சியை மகள் அறைக்குள் தனித்துக் காண்கிறாள். தாயோ அடுக்களையில் தனித்து உண்கிறாள்.

பெற்றோரே, கண்டிக்குமுன் ஒருநாள் அருகில் அமர்ந்து பாருங்கள். பிள்ளைகளே, அம்மாவுக்கும் பாயில் இடம் விடுங்கள். குடும்பச் செபம் முடிந்ததும் கூடியுண்போம். பின்னர்க் கூடியே காண்போம்.