வாத்துக்குக் கால் வந்த கதை

பறவைகளுக்குள் வாத்தைப்போல் பரிகாசத்துக்கு ஆளான பிராணி வேறொன்றும் இல்லை. அன்னத்தின் நடையைப் பெண்களுக்கு உவமை சொன்னார்கள். மயிலின் சாயலைக் கொண்டாடினார்கள். வாத்தின் முறை வந்தபோது மட்டும், புத்தி மந்தமானவனை வைவதற்கு அதன் பெயரை எடுத்துக் கொண்டார்கள். கணக்கைத் தப்பாகப் போட்ட பையன்களை "வாத்து மடையா!" என்று நாமும் வகுப்பில் எத்தனையோ தடவை அழைத்திருக்கிறோம். இப்பொழுது அந்த வார்த்தை நம் வாயில் வருவதில்லை. வாத்து விஷயத்தில் மடையன் யார் என்பது நம் வீட்டிலேயே ருசுவாகிவிட்டது.

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும், காவிரிப் பாசன வயல்களில் வாத்து மந்தைகள் வந்து இறங்குவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். நூற்றுக்கணக்கான வாத்துகள் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் புழு பூச்சிகளையும் பொறுக்கிக்கொண்டு, ஒரே குரலாகக் கத்திக்கொண்டு போகும். அப்படி வந்த வாத்துக்காரர் ஒருவரின் பட்டியிலிருந்து, பத்து நாள் குஞ்சு ஒன்றை நம் குமாரி விலை பேசி வாங்கி வந்தாள். மஞ்சள் பஞ்சு உருண்டைபோல் இருந்த அதற்குப் 'பொன்னி' என்று பெயரிட்டாள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ஏனென்றால் நம் வீட்டுப் பானையிலிருந்த பொன்னி அரிசிச் சோறுதான் அதற்கு மூன்று வேளையும் ஆகாரம்.

மல்லிகைப் பூவைப்போல் வெளுத்த சோற்றைக் குழைத்துப் போட்டோம். கூடத்து மூலையில், பளபளக்கும் சிமெண்டுத் தரைமீது பத்திரிகைக் காகிதத்தை விரித்துப் படுக்கை அமைத்தோம். இதைவிட ராஜபோகம் ஒரு வாத்துக்கு எங்கே கிடைக்கும் என்று நாம் பெருமைப்பட்டது உண்மை.

பதினைந்து நாளில் பெருமை தீர்ந்தது. முதலில் பொன்னி நடக்கும்போது இரண்டடி வைத்து உட்கார்ந்தது. பிறகு கால்கள் வில்லைப்போல் வளைந்தன. கணுக்கால் மூட்டு தடித்தது. கடைசியில் எழுந்து நிற்கவே மாட்டாமல், சிறகுகளைத் துடுப்பாகத் தரையில் ஊன்றி நகர்ந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போயிற்று. குமாரி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அது வாசல்வரை ஓடி வருவது வழக்கம். அன்று அது இருந்த இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் நீட்டிக் கத்தியது. அவள் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து விட்டாள்.

வீட்டில் மந்திராலோசனை நடந்தது. அத்தைப் பாட்டி, "திருஷ்டி" என்றாள். அண்டை வீட்டு நண்பர், "நொண்டி வாத்து எதற்கு ஸார்? இன்னும் கொஞ்சம் சதை பிடித்ததும் குழம்பு வைத்துவிட வேண்டியதுதான்" என்றார். குமாரி நம் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, அதுக்கு என்ன வியாதின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விஞ்ஞானம் போதிக்கும் நாம் விடை சொல்லத் தெரியாமல் நின்றோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடை நம் பையிலேயே இருந்தது. அந்த வாரம் வகுப்பில் நாம் நடத்திக் கொண்டிருந்த பாடம் எய்க்மான் என்ற டச்சு வைத்தியரின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் ஜாவாவிலுள்ள பட்டேவியா நகரத்தில், பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் விளங்காமல் விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்ததில், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகள் சில காலம் தின்று வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டதும் வெளியாயின. அரிசியின்மேல் உள்ள தவிட்டோடு ஏதோ ஒரு ஜீவசத்தும் போய்விடுகிறது என்ற உண்மைக்கு அங்கேதான் வித்து விழுந்தது. 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்முடைய நீலகிரிக் குன்னூரிலேயே மெக்காரிஸன் என்ற வைத்தியர் 1918 முதல் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து வாத்துக்கு வெள்ளைச் சோறு பிசைந்து போட்ட மேதாவி நாம்தான்!

மறுநாள் ஒரு கூடையில் துணி விரித்துப் பொன்னியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். வைத்தியர் நிதானமாகச் சோதித்தார். முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அங்கே கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால், காயத்தின் வழியே கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். அது இல்லை. பிறகு மூட்டின் பின்புறத்தைத் தடவி, நரம்பு தன் பள்ளத்தைவிட்டு நழுவியிருக்கிறதா என்று பார்த்தார். "நல்ல வேளை, இன்னும் நழுவவில்லை. நழுவியிருந்தால் திரும்புவது கஷ்டம்" என்றார். அதன் பிறகு, "என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை; அது அவருடைய பெருந்தன்மை.

அவர் சொன்னதன் சாரம் இது. எய்க்மானின் கோழிகளுக்குக் குறைந்தது பி1 என்ற வைட்டமின். வாத்துக் குஞ்சின் காலை வளைப்பது பெரும்பாலும் அதன் தங்கையான நியாஸின் என்னும் பி3-ன் குறைவு. அரிசியைத் தீட்டும்போது இரண்டும் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகின்றன. கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் நியாஸின் போதுமானால், வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். புரதச் சத்திலிருந்து நியாஸினைத் தானே உண்டாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம் வாத்துக்கு மிகக் குறைவு. தீட்டிய அரிசியிலோ கிலோவுக்கு 20 மில்லிகிராம்கூடத் தேறாது. வாத்துக் குஞ்சு வெகு வேகமாக வளரும் பிராணி. உடல் பெருத்துக்கொண்டே போக, எலும்பும் மூட்டும் சத்தில்லாமல் பின்தங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு வழுக்கும் காகிதம் வேறு; ஊன்ற இடமில்லாமல் கால்கள் அகன்று போகின்றன.

வைத்தியர் நியாஸின் மாத்திரையைத் தூள் செய்து குடிதண்ணீரில் கலக்கச் சொன்னார். அளவை நாம் இங்கே எழுதப் போவதில்லை. அது குஞ்சின் வயதையும் எடையையும் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டியது. ஆகாரத்தில் ஈஸ்ட் தூள், வேகவைத்த பட்டாணி, உப்பில்லாத சிறு மீன் இவற்றைச் சேர்க்கச் சொன்னார். "தவிடு கொடுத்தால் போதாதா?" என்று கேட்டோம். "கொடுங்கள். ஆனால் தவிட்டிலுள்ள நியாஸின் கட்டுண்டு கிடப்பதால் முழுவதும் உடம்பில் சேராது. அதை மட்டும் நம்பாதீர்கள்" என்றார்.

திரும்பும் வழியில் வாத்துக்காரரைச் சந்தித்தோம். அவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "சோத்தைப் போட்டு வளத்தீங்களா ஐயா? வயல்லே மேயுற வாத்துக்குக் கால் போகாதுங்க. நத்தையும் பூச்சியும் திங்குது, சேத்துலே நடக்குது. அதுங்க கால் இரும்பாட்டம் இருக்கும்" என்றார். வைத்தியர் கூறியதற்கும் இவர் கூறியதற்கும் பாஷையில்தான் வித்தியாசம்.

அன்றே காகிதப் படுக்கை தொலைந்தது. சாக்கை நன்றாக உதறி விரித்து, அதன்மேல் வைக்கோல் பரப்பினோம். காலையும் மாலையும் பெரிய அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிப் பொன்னியை மிதக்க விட்டோம். உடல் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக் கொள்வதால், நிற்க முடியாத கால்கள் அங்கே தாராளமாகத் துழாவின; அந்தத் தேகப்பயிற்சிக்கு ஈடான மருந்து இல்லை. ஆனால் ஒரு ஜாக்கிரதை வேண்டும். தாயில்லாக் குஞ்சின் மென்மயிர் தண்ணீரில் சீக்கிரம் நனைந்து ஊறிவிடும். ஆகையால் சில நிமிஷத்துக்கு மேல் விடாமல், பக்கத்திலேயே இருந்து எடுத்து, நன்றாகத் துடைத்து வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். தூக்கும்போது காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்து எடுக்க வேண்டும். இந்த வேலைகளில் குமாரி நம்மைக் கிட்டே நெருங்க விடவில்லை. நம்மிடம் அவளுக்கிருந்த நம்பிக்கை அவ்வளவு!

நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பொன்னி எழுந்து நின்று, மூன்றடி வைத்து, விழுந்தது. இல்லத்தரசி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். மூன்றாம் வாரத்தில் அது கொல்லைக் கிணற்றடி வரையில் நடந்தது. இடது கால் மட்டும் இன்றுவரை சற்று வளைந்தே இருக்கிறது. அது நாம் தாமதித்த நாட்களின் கணக்கு. அந்தக் கணக்கில் தப்புப் போட்டவன் எந்தப் பையனும் அல்ல.

வீட்டில் வாத்து வளர்க்கும் நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கால் தளர்ந்த முதல் நாளே கவனியுங்கள். மூட்டு நழுவிய பிறகு மருந்துக்குப் பலன் குறைவு. உள்ளங்காலை வாரம் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். காலோடு கழுத்தும் துவண்டு தொங்கினால், அழுகிய குட்டையில் மேய்ந்ததால் ஏறிய விஷமாக இருக்கலாம்; அப்போது கைவைத்தியம் செய்து காலம் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். வாத்து கூட்டத்தில் வாழும் ஜாதி. ஒற்றையாக வளர்ப்பதும் ஒருவகைக் கொடுமையே. ஆகவே பொன்னிக்குத் துணையாக இன்னொரு வாத்தும் நம் கொல்லைக்கு வந்திருக்கிறது.

இன்னொரு மாறுதலும் நிகழ்ந்திருக்கிறது. ஒரு நாள் குமாரி சாப்பிட உட்கார்ந்தபோது இலையைப் பார்த்து, "வாத்துக்கு ஆகாத சோறு நமக்கு மட்டும் ஆகுமா, அம்மா?" என்று கேட்டாள். இல்லத்தரசி பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் நம் வீட்டுப் பானையில் கைக்குத்தலரிசி கொதித்தது. முதல் இரண்டு நாள் நாம் சற்று முகம் சுளித்தோம். பொன்னி கொல்லைக் கதவருகே வந்து கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்தது. மறு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தோம்.