அடுப்புக்கு மேலே ஒரு பலகை

இலண்டனில் வதியும் என் தங்கை மகன் சென்ற தை மாதம் தொலைபேசியில் அழைத்து ஒரு விசித்திரமான ஐயத்தை எழுப்பினான். குளிர்நாட்டு வீடுகளிலே, சூடேற்றிய நீர் உள்ளோடும் இரும்புத் தகடுகளைச் சுவரோரம் பொருத்தி அறையை வெதுவெதுப்பாக வைத்திருப்பர். ரேடியேற்றர் என்பது அதன் பெயர். அவனுடைய சமையலறையிலோ இடம் மிகக் குறைவு. ஆதலின் அத்தகட்டின் மேலே அகன்ற மரப்பலகை ஒன்றைச் சுவரோடு ஒட்ட முடுக்கி, காலையுணவு கொள்ளவும் காய்கறி நறுக்கவும் மேடையாக்கிக் கொண்டான். இரண்டு மாதத்திற் பலகையின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்துவிட்டன; அறையும் முன்போற் சூடேறவில்லை. "மாமா, நீங்கள் படித்தவர், காரணம் சொல்லுங்கள்" என்றான்.

பண்டிதப் பரீட்சைக்கு நான் கற்ற நூல்களில் இதற்கு விடை இல்லை. விடை கூறியவர், மாத்தளையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த என் தாயார். "பலகையப் போட்டா அடைச்சான்? வெக்கை எந்தப் பக்கம் போவும்? பரண் கட்டச் சொல்லு" என்றார்.

குறிஞ்சிப் பாட்டுக்களில் வரும் தினைப்புனத்துப் பரணை, இதணம் என்னும் பழம் பெயரோடு, என் மாணாக்கர் ஒப்புவிப்பர். அடுப்பங்கரைப் பரணை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர்? கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த மக்களுக்கென 19ஆம் நூற்றாண்டிலே கட்டத் தொடங்கிய லயங்களின் வழிவந்த காம்பரா ஒன்றில், 1970களில் நான் தவழ்ந்தேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அதற்குள்ளேயே உறக்கமும் சமையலும். தரையில் மூன்று கல் அடுப்பு. அதற்கு மேலே, நிமிர்ந்து நின்று கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இரண்டு குறுக்குக் கழிகள். கழிகளின்மேல் விரலிடை விட்டுப் பரப்பிய மூங்கிற் பிளாச்சுக்கள். மழைக்காலத்து ஈர விறகு, விதைக்கு வைத்த சோளக் கதிர், கருவாட்டுப் பொட்டலம் யாவும் அங்கேதான் இருக்கும். புகை படிந்த கதிரை வண்டு எளிதில் அண்டாது.

அந்த இடைவெளியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. சூடேறிய காற்று மேலே எழும் இயல்பினது. சுவரோடு ஒட்டிய பலகை அதன் வழியை மறிக்கிறது. வெப்பம் பலகையின் அடியிலே தேங்குகிறது. அடிப்புறம் மிக உலர்ந்து சுருங்க, மேற்புறம் அவ்வளவு சுருங்காதிருப்பதால், மரம் வளைகிறது. ஒடுங்கிய பிளாச்சுக்கு இந்த இடர் இல்லை. ஆகவே மருமகனுக்குச் சொன்னேன்: பலகையை நான்கு விரல் உயர்த்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடு, நன்கு உலர்ந்த மரமாகத் தேர்ந்துகொள், பாரத்தை இரும்புத் தகட்டின்மேல் ஏற்றாமல் சுவரிற் பதித்த தாங்கிகளில் ஏற்று, மரம் சுருங்கவும் விரியவும் இடம் வேண்டுமாதலின், ஆணித் துளைகளைச் சற்று நீளமாகக் குடை. பின்னிடைவெளியில் ரொட்டித் துணுக்குகள் விழுமே என்றான். விழட்டும், கூட்டிக்கொள் என்றேன்.

இத்துடன் பரணின் புகழ் பாடி முடித்திருப்பேன். ஆனால் அந்தப் பரணின் கீழே குந்தியிருந்தவர் யார்? புகைபோக்கி இல்லாத காம்பராவிலே விறகு உலர்ந்தது புகையினாலும் அன்றோ? அந்தப் புகையிலேதான் என் தாயார் முப்பதாண்டு சமைத்தார். இரு கண்களிலும் புரை விழுந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சத்திர சிகிச்சை நடந்தது. விறகுப் புகை பெண்களின் கண்புரையோடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் பின்னரே படித்தேன்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. தாளிதப் புகை கண்களை மூடச் சமைத்த இளமனைவியின் மகிழ்ச்சியை அது கூறும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை வகுப்பிலே இல்லற இன்பத்துக்கு எடுத்துக்காட்டாக நடத்தி வந்தேன். அந்தக் கண்களைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டிலே ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் சொன்னதில்லை.

2022இல் நாடெங்கும் சமையல் எரிவாயு கிடையாதபோது எங்கள் வீட்டிலும் விறகு திரும்பி வந்தது. மேசன் தரையிலே அடுப்பிட முனைந்தார். தாயார் கைத்தடியால் தரையைத் தட்டி, "இங்க வேணாம், மேல ஏத்து" என்றார். என் மனைவியை நிற்கவைத்து, அவள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே மேடையின் உயரத்தைக் குறித்தார். 1980களில் உருவாகிப் பரவிய, இரண்டு பானை ஏற்றும் அனகி என்னும் மண்ணடுப்பை அதன்மேல் அமர்த்தினோம். கூரைக்கு மேலே புகைபோக்கி சென்றது. பக்கத்திலே நறுக்குவதற்குப் பலாப்பலகை. அடுப்புக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. பரண் கட்டவில்லை, அதனை வேண்டாமென்றவரும் தாயாரே.

சென்ற வாரம் மருமகன் மீண்டும் அழைத்தான். பலகை இப்போது நேராக நிற்கிறதாம், அறையும் சூடேறுகிறதாம். தாயார் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

"அந்த இரும்புல பொகை வருமாய்யா?"

"இல்லை அம்மாயி. வெறும் சுடுதண்ணிதான்."

"அப்ப சரி" என்று என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, பாக்குரலை எடுத்துக்கொண்டார்.